சஷ்டி விரதமும் காலைக் குளிசையும்

கந்தசஷ்டி மூன்றாம் நாள், இரவு. வெள்ளவத்தை.

பின்னேரம் மகளின் மருந்துக் குளிசைப் பெட்டியைத் திறந்தேன். காலைக் குளிசை அப்படியே கிடந்தது. அவளின் அப்பா, இவருடைய சிறுநீரகம் ஒன்றை அவளுக்கு வைத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதை அவளுடைய உடம்பு தள்ளிவிடாமல் காப்பது அந்தக் குளிசைதான்.

“ஏனடி போடேல்லை?”

“நானும் விரதம் அம்மா. பூசை முடியுமட்டும் தண்ணியும் குடிக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

சொன்னேன். என் விரதத்தைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றதை யோசிக்கவில்லை. ஸ்கூல் வான் ஹோர்ன் அடித்த அவசரத்தில், குளிசை போட்டாளா என்றும் பார்க்கவில்லை.

டொக்டருக்குக் கோல் எடுத்தேன்.

“இரவுக் குளிசையை நேரத்துக்குக் குடுங்கோ. ரெண்டாக் குடுத்திடாதேங்கோ. காலமை ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஒரு நேரம்தானே டொக்டர், ஒண்டும் செய்யாதெல்லோ?”

“பாப்பம்” என்றார். அந்த ஒரு சொல்தான் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

எட்டு மணிக்கு என் கண்ணுக்கு முன்னால் குளிசையை விழுங்கினாள். ஏசத்தான் வாயெடுத்தேன். “ஆருக்காகப் பிடிச்சனீ இந்த விரதத்தை?” என்றுதான் வந்தது.

“அப்பாட்ட மிச்சமிருக்கிற கிட்னிக்கு.”

இவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை ரத்தம் எடுத்து, அவள் குளிசையும் போட்ட பிறகு, ஆஸ்பத்திரிக் கன்டீனில் இரண்டு தேத்தண்ணி வாங்குவேன். அவள் பார்த்திருக்க முதலில் நான் குடிப்பேன். முருகன் என்னவும் நினைக்கட்டும்.