மூக்கனை விட்டு வெளியே போகப் பழகுகிறோம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, மூக்கன் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீ, மாப்பிள்ளை, உன் வயிற்றில் புரண்டுகொண்டிருக்கிற வாண்டு மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவருக்கு எதிரிலேயே என்னத்தைப் பேசுவது. போன வாரம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நீ கேட்டாயே, அப்பாவுக்கு என்மேல் கோபமா, பிரசவத்துக்கு உன்னை மட்டும் போகச் சொல்கிறாராமே, என்னிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது. அதற்குப் பதில்தான் இது.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் இந்த நாய்ப்பயல் மூக்கன் படுத்துகிற பாடு. நீ இருந்தவரை அவன் எவ்வளவு பெரிய மனுஷன், யார் வந்தாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் மூலைக்குப் போய்விடுவான். அப்பா லிஃப்ட் கம்பெனியில் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். அப்பா சமையலறைக்குப் போனால் இவனும் சமையலறை, அப்பா பால்கனிக்குப் போனால் இவனும் பால்கனி, பாத்ரூமுக்குப் போனால் கதவிடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு படுத்திருப்பான், அவரும் உள்ளேயிருந்து வந்துட்டேன்டா வந்துட்டேன்டா என்று குரல் கொடுப்பார். ஆரம்பத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை, உங்கிட்ட வர்றானா பாரு என்று என்னைச் சீண்டுவார். நான் பகலெல்லாம் லேபில் ஊரார் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டிருப்பவள், என்னிடம் எதற்கு வருவான். அப்புறம் ஒரு நாள் அப்பா பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பினால் கதவின் அடிப்பாகம் முழுக்கப் பிறாண்டல், தரையெல்லாம் எச்சில், தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே கிடக்கிறது, ஊளை கீழ்த்தளம்வரை கேட்டதாம். அன்றோடு வெளியே போவதையே விட்டுவிட்டார். நீ போ, நான் இவனப் பாத்துக்கறேன் என்று சொன்னதன் கதை இதுதான்.

இது சரிப்படாது என்று நான்தான் இருவரையும் நாய் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வலி இருந்தாலும் கண் மங்கினாலும்கூட நாய் இப்படி ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் முதலில் கண், காது, மூட்டு எல்லாம் பார்த்தார், உடம்பில் ஒரு குறையும் இல்லை. பின்னாலேயே வந்து காலடியில் படுத்துத் தூங்கினா அது பாசம், அதுக்கு மருந்து வேண்டாம், நீங்க போனதும் மூச்சிரைச்சு எச்சில் வடிச்சுக் கதவைப் பிறாண்டினா அது பயம் என்று பிரித்துச் சொன்னார். நாளெல்லாம் ஒரு ஆள் கூடவே இருந்ததில் தனியாக இருப்பது எப்படி என்பதே அவனுக்கு மறந்துபோச்சாம். திட்டினால் பயம் கூடத்தான் செய்யுமாம். பிறகு அப்பாவிடம், நீங்க வெளிய கிளம்பும்போது என்ன செய்வீங்க என்று கேட்டார். அப்பா சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நான் விடுவேனா. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், எப்போது வருவேன் என்று விலாவாரியாகச் சொல்லி, பிஸ்கட் கொடுத்து, நெற்றியைத் தடவி, வாசல்வரை போய்விட்டு மறுபடி வந்து இன்னொரு தடவை தடவுவார் என்று போட்டுக்கொடுத்தேன். உன்னைப் பெற்றெடுக்க நான் ஆஸ்பத்திரிக்குள் போனபோதுகூட என்னிடம் இவ்வளவு நேரம் விடைபெறவில்லை என்றும் சொன்னேன். டாக்டரம்மா சிரித்தே விட்டார். போவதும் வருவதும் ஒரு விஷயமே இல்லாத மாதிரி இருக்க வேண்டுமாம். சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, எங்கேயும் போகாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டுமாம். அப்புறம் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம், அவன் பயப்படுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அதையே நாளாக நாளாகக் கூட்ட வேண்டும்.

லிஃப்டுக்குச் சோதனை ஓட்டம் விட்ட மனுஷரிடம் இதைச் சொன்னால் கேட்க வேண்டுமா. காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளியே போவார், படிக்கட்டில் உட்காருவார், உள்ளே வருவார், மறுபடி போவார். சட்டை பேன்ட் போட்டுக் கையில் பையும் வைத்துக்கொண்டுதான், இல்லாவிட்டால் மூக்கன் நம்ப மாட்டானாம். இரண்டு வாரம் ஆகியும் ஊளை நின்றபாடில்லை. லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன், அப்போதுதான் குட்டு உடைந்தது. மூக்கன் ஒரு குரல் அழுதால் போதும், இவர் சாவித் துவாரத்தில் வாயை வைத்து அப்பா இங்கதான்டா இருக்கேன் என்கிறார். அழுதால் கதவு பேசும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான், பின்னே ஏன் அழ மாட்டான். இதற்கிடையில் மேல்வீட்டு நீச்சல் டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, என்ன இருந்தாலும் வயசானவர், உள்ள விட்டுடுங்கம்மா, நாங்க டீ கொடுத்துத் தேத்தி வச்சிருக்கோம் என்றாள். நான் உங்கப்பாவை வீட்டை விட்டுத் துரத்திவிட்டதாகக் கட்டடம் முழுக்கப் பேச்சாம். டீயைக் குடித்த மனுஷர் உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா, பிஸ்கட்டும் சேர்த்து வாங்கித் தின்றிருக்கிறார்.

விஷயம் தெரிந்த பிறகு அந்த டீச்சரே கைகொடுத்தாள். தினம் சாயங்காலம் மூக்கனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், நாங்கள் உன் ஊருக்கு வந்தால் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். அப்பாவும் கதவோடு பேசுவதை நிறுத்தினார். நேற்று நாங்கள் இருவரும் சேர்ந்தே கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். கதவைத் திறந்தால் தட்டு காலி, மூக்கன் ஜன்னலோரம் மல்லாந்து தூங்குகிறான். ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தான், வாலை லேசாக ஆட்டினான், மறுபடி தூங்கிவிட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் உங்கப்பா பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நிற்கிறார், முகம் விழுந்துபோயிருக்கிறது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, இவனுக்கு இனி நான் வேணும்னு இல்ல என்றார். நல்லதுதானே, ரெண்டு டிக்கெட் போடச் சொல்லவா என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், அவ உன்னைத்தான கூப்பிட்டா, அம்மா எப்ப வர்றேன்னுதான் கேக்கறா, பிரசவ வீட்டுல எனக்கு என்ன வேலை, என்னை அவ ஒரு தடவைகூட வாங்கன்னு சொல்லலியே என்றார். நான் வந்தால் அவரும் வருவார் என்று நீ நினைத்துக்கொண்டாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

மாத்திரைகளை விடாமல் சாப்பிடு, குனிந்து துணி அலசாதே, மாப்பிள்ளைக்கும் கை இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் இருக்க அம்மாவின் ஆசி. ஒன்றே ஒன்று மறக்காதே. கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடாதே, அப்பாவின் நம்பருக்குப் போடு. நீங்க வேணும்ப்பா, வாங்க என்று சொல். அவர் அழுதால் தேற்றாதே, அழட்டும்.

உன் அம்மா