அக்காவின் அறைக்குப் போகாத குழாய்

ஒக்டோபர், செவ்வாய்க்கிழமை இரவு

இதை யாராவது கண்டெடுத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம்.

திரிம்பாக் ஊரில் கட்டும் எங்கள் புது வீட்டில் இன்டர்நெட் வயர்கள் எந்தெந்த அறைக்குப் போகவேண்டும் என்று இன்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் அவருக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னேன். பிற்காலத்தில் எந்தப் புது வயர் வந்தாலும் இழுக்கலாம் என்று அவர் அறைக்கு அறை வெறுங்குழாய் வைக்கிறார்.

“அக்காவின்ர அறைக்கு ரெண்டு குழாய் வைக்கச் சொல்லு, பிள்ளை. நெற் வேலை செய்யேல்லை எண்டு எப்பவும் கத்துறவள்.”

அக்கா இறந்து ஒன்றரை வருடமாகிறது.

“இந்த அறையில் யார் இருப்பது?” என்று எலக்ட்ரீஷியன் பிளானைக் காட்டிக் கேட்டார். அக்கா செத்துப்போனாள் என்று டொச்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒருவருமில்லை” என்றேன். அவர் பிளானில் அந்த அறையைப் பென்சிலால் கோடிழுத்து வெட்டிவிட்டார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“ஓமாம், வைப்பாராம்” என்றேன்.

நாளை காலை ஏழு மணிக்குக் குழாய்களுக்கு மேல் கொங்கிறீற் ஊற்றுவார்கள். பிறகு அங்கே குழாய் வைக்க முடியாது. கண்ணை மூடினால் அக்கா அந்தக் கட்டி முடியாத அறையில் நிற்கிறாள். “ஒருத்தருமில்லையோடி?” என்று கேட்கிறாள். இப்போதே அம்மாவிடம் போய்ச் சொன்னால் குழாய் வைக்க இன்னும் நேரமிருக்கிறது. ஆனால் நான் சொன்ன அந்தச் சொல்லையும் அம்மாவிடம் சொல்லவேண்டும்.

கதவைத் தட்டும் சத்தம். அம்மாதான்.

“பிள்ளை, நித்திரையோ? கொங்கிறீற் ஊத்த முன்னம் அக்காவின்ர குழாயை ஒருக்காப் பாக்கோணும். விடிய நீயும் வாறியோ?”

நான் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.