எடின்பரோவில் பார்க்க என்ன இருக்கு?

எடின்பரோ, மே 3

அன்புத் தம்பி இன்னஸ்,

உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் சரியில்லை. எதிர்வீட்டு மன்றோவும் காலி பண்ணிட்டார். இந்தக் கட்டடத்தில் இப்போ குடியிருக்கிறது நான் ஒருத்திதான். மத்த வீடெல்லாம் சுற்றுலாக்காரங்களுக்கு நாள் வாடகை. நேத்து ஒருத்தன் கதவைத் தட்டி, "பேய் இருக்கிற பாதாள அறை இதுதானா?"ன்னான். "பேய் நான்தான், உள்ளே வா"ன்னேன். ஓடியே போயிட்டான்.

நம்ம வீட்டையும் ஒரு கம்பெனிக்காரன் கேக்கிறான். அம்மா உன் பேரில்தானே எழுதிவெச்சா! விக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதுடா.

உன் அக்கா,
எல்ஸ்பெத்

டனீடன், நியூசிலாந்து
ஜூன் 10

அன்பு அக்கா,

சந்தோஷமான சேதி! ஆகஸ்ட் விழாவுக்கு நானும் பிலிப்பாவும் வர்றோம். என் பெண்டாட்டி நம்ம ஊரைப் பார்த்ததே இல்லையே. கோட்டை, அரண்மனை, நாய்ச் சிலை, ஆர்தர் மலை எல்லாம் பார்க்கணுமாம். நீ இருக்கும்போது வழிகாட்டி எதுக்கு? வீட்டு விஷயம் நேரில் பேசிக்கலாம்.

தம்பி,
இன்னஸ்

எடின்பரோ, செப்டம்பர் 2

இன்னஸ்,

நேரில் பேசலாம்னியே, எங்கேடா பேசினே? கோட்டையில் வாயைத் திறந்தேன், தினம் மத்தியானம் ஒரு மணிக்குச் சுடுற பீரங்கி வெடிச்சது, நீ படம் பிடிக்க ஓடினே. மலை உச்சியில் கேட்டேன், காத்தில் ஒண்ணும் கேக்கலைன்னே. பழைய ஜெயில் இருந்த இடத்தில் தரையில் பதிச்ச இதய வடிவக் கல்லில், துப்பினா நல்லது நடக்கும்கிற நம்மூர் வழக்கப்படி துப்பினேன், "என்னக்கா அசிங்கம்"னு முகம் சுளிச்சே. சின்ன வயசில் என்னைவிடத் தூரமா நின்னு துப்பினவன்தானே நீ?

நாய்ச் சிலைகிட்ட, எசமான் கல்லறையை விட்டு நகராத நாயாம்னு பிலிப்பா வாசிச்சதும் உனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அம்மா படுக்கையை விட்டு வருஷக்கணக்கா நகராதவ உன் பக்கத்திலேயே நின்னேனே, பாவி! என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலையே.

இந்த வயசில் இந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் ஏது? பதில் போடு.

அக்கா

டனீடன், செப்டம்பர் 20

அன்பு அக்கா,

திட்டாதே. அங்கே வந்த மறுநாள் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். பிஸ்கட் வாங்கப் போறோம்னு சொன்னோமே, அப்போதான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. ஊர் சுத்துற நாலு நாளாவது நீ சிரிச்சிட்டிருக்கட்டும்னு நினைச்சேன்.

நவம்பர் கடைசிக்குள் காலி பண்ணணுமாம். நகராட்சியில் எழுதிக் கொடு, எங்கேயாவது இடம் தருவாங்க. வருஷத்தில் ஒரு வாரம் அந்த வீட்டில் நாம சும்மா தங்கிக்கலாம்னு கம்பெனியில் பேசி வெச்சிருக்கேன். அடுத்த கோடையில் வர்றோம், விட்டுப்போன இடத்தையெல்லாம் பார்த்துடலாம்.

அன்புடன்,
இன்னஸ்

லிவிங்ஸ்டன், டிசம்பர் 14

இன்னஸ்,

ஊருக்கு வெளியே ஒத்தை அறை கொடுத்திருக்காங்க. ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துற இடம்.

நேத்து பஸ் ஏறி நம்ம தெருவுக்குப் போனேன். ஏன் போனேன்னு எனக்கே தெரியலை. வாசலில் நின்னுட்டிருந்தேன். பெட்டியை இழுத்துக்கிட்டு ஒரு பொண்ணு நம்ம வீட்டிலிருந்து இறங்கி வந்தா. நல்ல பொண்ணு. "ஊருக்குப் புதுசா? வழி தெரியலையா? கோட்டை அந்தப் பக்கம்"னு கை காட்டினா.

"ரொம்ப நன்றிம்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமே நடந்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

எல்ஸ்பெத்