கோல் மார்க்கெட்டை இடமாகச் சுற்றியது

6 மார்ச் 1978, திங்கள்

டில்லிப் புழுதிக் காற்று. நெடுநேர ஆலோசனைக்குப் பின், பால் வாங்கப் போகையில் வட்டமான கோல் மார்க்கெட்டை இனி இடமாகச் சுற்றுவதென்று முடிவு. இரண்டு வருஷமாக வலமாகத்தான். பஸ், ஸ்கூட்டர், மாடு எல்லாம் போகிற திசையில். ஆட்சி மாறியபோதுகூட நான் வழி மாறவில்லை.

காரணம்: வியாழன் தேர்வுக் குழு. கல்லூரி வேலை நிரந்தரமாகுமா, மாதக் கடைசியோடு சரியா என்பது அவர்கள் கையில். குழு முன்னால் மாதிரி வகுப்பு. தலைப்பும் அவர்களுடையதே: பரப்பின் திசை, பரப்புத் தொகையீடு. இரண்டு வருஷமாக நடத்துகிற பாடம். எனக்குப் புரிந்ததில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பரப்பின் வழியே எவ்வளவு காற்று போகிறது என்று கூட்டுகிறோம். எந்தப் பக்கம் போனால் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்று முதலில் நாமே ஓர் அம்பு போட்டுச் சொல்ல வேண்டும். பிறகு விளிம்பில் நடப்பதானால், தலை அம்பின் பக்கம், பரப்பு இடது கைப்பக்கம். புத்தகத்தில் அம்பு மேலே, நானும் மேலே. ஏன் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நல்ல பிள்ளைகள்.

7, செவ்வாய்

தலைக்கு மேல் வானம், இடது கைப்பக்கம் மார்க்கெட். விதிப்படி சரி. எதிரே வந்த பஸ் டிரைவர் என் தாயாரைப் பற்றிச் சில வார்த்தை. டில்லி வண்டிகள் சுற்றும் திசைப்படி அம்பு பூமிக்குள் போகிறது. ஆச்சரியமில்லை.

அண்ணாவின் சர்க்கார் குவார்ட்டர்ஸில்தான் என் வாசம். அண்ணி மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"கொள்ளிக்குடம் ஒடைக்கத்தான் எடமாச் சுத்துவாக, தம்பி."

கணக்கு என்றேன். கணக்குக்கு வேற தெரு கெடைக்கலையா என்றார்.

கல்லூரியில் சக ஆசிரியர் கன்னா சேதி சொன்னார். வெளியிலிருந்து வரும் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்பாராம்: எந்தப் பக்கம்? போன வருஷம் ஒருவர் "இரண்டு பக்கமும், ஸார்" என்றாராம். இப்போது இன்ஷூரன்ஸ் பிடிக்கிறாராம்.

8, புதன்

செய்ய வேண்டியவை: வெள்ளைச் சட்டை இஸ்திரி. முடிவெட்டு. சொந்த சாக்பீஸ். பயப்படாமலிருப்பது.

முதல் மூன்றும் முடிந்தன.

சமையலறைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பயிற்சி. கிண்ணத்தின் மேல் காற்றின் சுழலைக் கூட்டினாலும், விளிம்பைச் சுற்றி வந்து கூட்டினாலும் விடை ஒன்றே: 2π. ஒவ்வொரு தடவையும் வந்தது. வேலை போனால் நாக்பூரில் சிநேகிதரின் சிமெண்ட் கம்பெனி இருக்கிறது என்றார் அண்ணா, பேப்பரை இறக்காமலே. ஆறுதலாகத்தான்.

9, வியாழன்

குளிர் திரும்பிவிட்டது, அல்லது எனக்கு மட்டும். அண்ணி விடவில்லை. பிள்ளையாருக்கு மூன்று சுற்று, வலமாக. செவ்வாய்க்கிழமைப் பாவத்துக்கு இன்னொரு மூன்று. கற்பூரத் தட்டும் வலமாக. விபூதியோடு கல்லூரி.

குழுவில் ஐந்து பேர். பேராசிரியர் ஜன்னலோரம், கண் மூடியபடி. கிண்ணம் வரைந்தேன், அம்பு மேலே. பரப்பின் மேல் கூட்டினேன்: 2π. விளிம்பைச் சுற்றினேன்: கழித்தல் 2π. சாக்பீஸ் உடைந்தது. முதுகில் வேர்வை ஓடுவது தெரிந்தது. ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டும் பலகையில் பகையாளிகளைப் போல.

பேராசிரியர் கண் திறந்தார். "எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள்?"

பார்த்தேன். கை பழக்கத்தில் கிண்ணத்துக்குப் பிரதட்சிணம் செய்திருக்கிறது.

"கோவில் சுற்றுகிற பக்கமாக, ஸார்."

"அச்சா. அப்படியானால் எது தப்பு?"

அம்பும் தப்பில்லை, சுற்றும் தப்பில்லை என்றேன், குரல் எங்கிருந்தோ வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. வலமாகத்தான் சுற்றுவேன் என்றால் அம்பைக் கீழே திருப்ப வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. பேராசிரியர் தலையசைத்தார். கல்லூரி முதல்வர் கடிகாரம் பார்த்தார்.

10, வெள்ளி

வானம் மப்பு. பால், வலமாக. தபால்காரர் மணியடித்ததற்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டுக்கு.

11, சனி

நல்ல வெயில். காலையில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் என் பெயர் இல்லை. மாலையில் அண்ணா நாக்பூருக்கு டிரங்க் கால் போட்டார்.