உலர் பெட்டியில் ஒரு பனியன்

பதிவு 61. காலை 8:10
முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கதவு உருளைகளை ஈரம் படாமல் வைக்கும் உலர் பெட்டிக்குள் என் துவைத்த பனியனைத் தொங்கவிட்டேன். இந்த மாதம் நாலு தடவை. அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நிலாவில் கொடிக்கயிறு ஏது?

நிலையத்தில் இரண்டே பேர். ஃபிட்டர் மாடசாமி நான், டாக்டர் ஜெசிந்தா. கதவு உருளைகளுக்கு எண்ணெய் போட்டால் இங்கே உறைந்துபோகும். அதனால் டாக்டர் ஒரு கரும்பூச்சு செய்திருக்கிறார். காற்றில்லாத வெளியிலும் வழுக்க வேண்டும், எங்கள் மூச்சு ஈரத்திலும் வழுக்க வேண்டும். எட்டு வருட ஆராய்ச்சி. பார்க்க அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது என்றேன். முறைத்தார்.

பூசிய உருளைகளை நேற்று பெட்டியிலிருந்து எடுத்து வெளிக்கதவில் மாட்டினேன்.

பதிவு 62. 10:40
டாக்டரம்மா வெளியே போனார். வெளிக்கதவு மூடியது. திரும்பத் திறக்கவில்லை. மோட்டார் முனகுகிறது. அவரிடம் ஆக்சிஜன் 1 மணி நேரம் 50 நிமிடம். ரேடியோவில் கூப்பிட்டார்.

“அண்ணே, உருள இறுகிட்டு. ஈரம் ஏறுனாத்தான் இப்படி ஆவும். பெட்டிய யாரு தொறந்தா?”

“இங்க நம்மள விட்டா யாரு இருக்கா டாக்டரம்மா?”

பனியனைச் சொல்லிவிட்டேன்.

“ஒரு பனியன் ஈரத்தத் தாங்காத பூச்சு என்ன பூச்சு? நாந்தான் சரியாச் செய்யல.”

திட்டியிருக்கலாம்.

பதிவு 63. 11:35
விண்வெளி உடுப்போடு, இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள கதவறைக்குள் இருக்கிறேன். நான் பேசுவதைத் தலைக்கவசம் எழுதிக்கொள்கிறது. உள்கதவைப் பூட்டி, அறைக் காற்றை உறிஞ்சியாயிற்று. உருளையைச் சுட வைத்தால் ஈரம் ஓடிவிடும் என்கிறார். சூடேற்றும் கம்பியைச் சுற்றினேன், நிற்கவில்லை. கட்டுவதற்குச் சாமான் பையில் அகப்பட்டது அந்தப் பனியன்தான்.

“சூடு ஏறுதா?”

“ஏறுது. ஒங்க பூச்சுக்கு ஒத்தடம் குடுக்கேன்.”

“சிரிக்க வைக்காதிய அண்ணே. காத்து வீணாப் போவும்.”

பதிவு 64. 12:21
அவரிடம் ஒன்பது நிமிடம். கடப்பாரையால் நெம்புகிறேன். ஒரு விரல் அகலம். நகரு, தாயே. நாலு விரல்.

12:26
வந்துவிட்டார். என் மேலேயே விழுந்தார். என் ஆக்சிஜன் குழாயை அவருக்கும் மாட்டினேன். இருவருக்கும் சேர்த்து இருபது நிமிடம். வெளிக்கதவு மூடினால்தான் அறையில் காற்று நிரம்பும். நிரம்பினால்தான் உள்கதவு திறக்கும்.

12:31
மூடிவிட்டோம். உருளையில் பூச்சு மொத்தமும் உரிந்துபோயிற்று. கதவு இனி அசையாது.

காற்று நிரம்பவில்லை.

கதவிடுக்கில் என் பனியன் மாட்டியிருக்கிறது. பாதி உள்ளே, பாதி வெளியே.

நன்றாகக் காய்ந்திருக்கிறது.