அம்மா நெடுந்தீவு போய் வந்தார்

கடலுக்குப் பயந்த தீவுக்காரரான என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் சேதி. அம்மா நெடுந்தீவுக்குப் போய் வந்துவிட்டார், அதுவும் தனியாக. நீங்கள் இருந்திருந்தால் எங்கள் ஊர் இறுப்பிட்டிச் சந்தியில் நின்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பீர்கள். அந்த வேலையை இப்போது நான் செய்கிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஆகையால் நீங்கள் தெற்கே மாத்தறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் எத்தனையோ வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் புருஷன் தெற்கே, மனைவி இங்கே. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவீர்கள். நாங்கள் உங்களோடு பழகத் தொடங்கும்போது திரும்பிப் போய்விடுவீர்கள். கலியாணம் கட்டி நாற்பது வருடம் ஆன பிறகுதான் கடையை விற்றுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தீர்கள்.

வந்த புதிதில் நீங்கள் இருவரும் பட்ட பாட்டை அடுத்த வளவில் உள்ள என் வீட்டில் இருந்து பார்த்தவள் நான். அம்மா பழக்கதோஷத்தில் ஒரு ஆளுக்குச் சோறு சமைத்துவிட்டுத் திகைத்து நிற்பார். நீங்களோ கடையில் செய்தது போலவே விடியமுன் எழும்பி, உங்களுக்கு மட்டும் தேநீர் ஊற்றி, நின்றபடியே குடிப்பீர்கள். குசினியில் உங்கள் கை பட்ட போத்தல்களை எல்லாம் அம்மா மறுபடி இடம் மாற்றி வைப்பார். சண்டை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருந்தது போல இருந்தது.

அப்போதுதான் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனீர்கள். கண்ணை மூடிக்கொண்டாவது உங்களால் போகக்கூடிய சின்னக் கடல் அது. அம்மா கும்பிட்டு முடித்து, வழக்கம்போல நேரே இறங்குதுறைக்கு வந்து, வள்ளம் ஏறி, பஸ் பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்து முகமும் கழுவிவிட்டார். அதற்குப் பிறகுதான் புருஷனோடு போனது அவருக்கு நினைவுக்கு வந்தது. உங்கள் கைத்தொலைபேசியும் அவருடைய பைக்குள் கிடந்தது. வேலியடியில் வந்து நின்று, “பிள்ளை, கொப்பாவைக் கோயில்ல விட்டிட்டு வந்திட்டன்” என்று பதறினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்னேரம் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். இன்றைக்குப் பெரிய சண்டை என்று நினைத்தேன். நீங்கள் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“உம்மில பிழை இல்லை. தனியப் போய் வர உம்மைப் பழக்கினது நான்தானே. இனி ரெண்டு பேருமாப் போய்ப் பழகுவம்.”

சொன்னபடியே பழகினீர்கள். முதலில் சுருவில், பிறகு ஊர்காவற்றுறை, பிறகு திருகோணமலை, கதிர்காமம். ஒருநாள் அம்மா தானாகவே மாத்தறையைப் பார்க்கவேண்டும் என்றார். கடைக்குப் பின்னால் நீங்கள் படுத்த அறையைப் புது முதலாளி திறந்து காட்டினாராம். ஒரு கட்டிலும் ஒரு கொடிக்கயிறும் மட்டும் கொள்கிற அறை. “இதுக்குள்ளயோ இவ்வளவு காலமும் இருந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு, அம்மா ஒரு தும்புக்கட்டையை வாங்கி அந்த அறையைக் கூட்டத் தொடங்கினாராம். யாரோ ஒருவரின் அறையை அம்மா ஏன் கூட்டினார், அப்பா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நீங்கள் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா உங்கள் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டதை மட்டும் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளையின் முகம் உங்களுக்கு. எழுபது தாண்டிய உங்களுக்கு அப்படி ஒரு வெட்கம் எங்கிருந்து வந்தது?

அம்மா ஆசைப்பட்டும் நீங்கள் கூட்டிப்போகாத ஒரே இடம் நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறை வரை போய், அலை அடிப்பதைப் பார்த்துவிட்டு, ‘இன்றைக்குக் காற்று’ என்று திரும்பி வருவீர்கள். அடுத்த காற்று ஓய்வதற்குள் எங்களை விட்டே போய்விட்டீர்கள்.

பயணப் பை அலுமாரிக்கு மேலே ஏறியது. அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. உங்களை இழந்ததோடு, நீங்கள் கண்டெடுத்த அந்தப் பயணக்காரியையும் இழந்துவிடுவோமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை பை கீழே இறங்கியது. நெடுந்தீவுக்கு நானும் வருகிறேன் என்றதற்கு, உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பேசாமல் படிப்பிக்கப் போ என்று சொல்லிவிட்டார். உங்கள் தங்கை, என் மாமி, கேள்விப்பட்டு ஓடிவந்தார். புருஷன் இல்லாத மனிசி தனிய வள்ளம் ஏறித் திரிந்தால் சனம் என்ன சொல்லும் என்று கேட்டார். அம்மா பைக்குள் சேலையை மடித்து வைத்தபடியே பதில் சொன்னார்.

“மச்சாள், நாப்பது வருசம் நான் இந்த வீட்டுக்குள்ள தனியத்தான் இருந்தனான். அப்ப ஒரு சனமும் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப வெளிக்கிட்டால் மட்டும் ஏன் சொல்லவேணும்?”

மாமி வந்த வழியே திரும்பிப் போனார். மாமாவும் தெற்கே கடை வைத்திருந்தவர்தானே.

அம்மா போன அன்று பின்னேர வள்ளத்துக்கு இறங்குதுறையில் காத்து நின்றேன். அன்றைக்கும் நல்ல காற்று. அம்மா இறங்கி வந்தபோது சேலை உப்புத் தண்ணியில் நனைந்து, தலை கலைந்து, முகம் வெளிறியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். போகும்போதும் வரும்போதும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாராம். அப்பா பயந்தது நியாயம்தான் என்றார். கடற்கல் அடுக்கிய வேலிகளையும், வெட்டைவெளியில் நின்ற குதிரைகளையும் பற்றி வீடு வரும்வரை கதைத்தார். அங்கே ஒரு கடைக்காரர், ஆரோட வந்தனீங்கள் என்று கேட்டாராம்.

“‘அவரோட’ எண்டு வாய் வரை வந்திட்டுது, பிள்ளை. பிறகு, ‘நானாத்தான் வந்தனான், அவர் பழக்கிவிட்டவர்’ எண்டு சொன்னன்.”

அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன், அப்பா. துக்கத்தில் அல்ல. உங்களுக்கும் அவருக்கும் பிள்ளையாகப் பிறந்தேனே என்ற பெருமையில்.

அன்று இரவு மாமி ஏச வந்தவர், இருந்து எல்லாக் கதையையும் கேட்டார். போகும்போது வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் சத்தி வராமல் இருக்க என்ன செய்யவேணும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அம்மா இப்போது மன்னாருக்குப் பஸ் விசாரிக்கிறார். உங்களுக்கு நான் தரும் வாக்கு இதுதான். சின்ன வயதில், அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் ‘கடையில்’ என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிப் பழகியவள் நான். இனி அம்மா எங்கே என்று யார் கேட்டாலும், ‘பயணம் போயிருக்கிறா’ என்று நிமிர்ந்து நின்று சொல்வேன்.

அம்மா வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மூத்த மகள்