ஏழாவது வரி

தண்ணீர்மலையான் துணை

ஜார்ஜ் டவுன்,
பிப்ரவரி 24

அன்பு மகள் அனுஜாவுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் டாக்டர் சொன்னபடி கேட்கின்றன. டப்ளினில் குளிர் இன்னும் விடவில்லை என்று வக்கீல் காமினி சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் கையெழுத்தை நீ பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும். அவசரப்படாமல் வாசி.

என் கைத்தொலைபேசி போலீஸ் நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. ரசீது கொடுத்தார்கள். அதை அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். போன் இல்லாததால் நம் அடுக்குமாடியின் கேட்டும் எனக்குத் திறப்பதில்லை. அதற்கு முகமும் வேண்டும், போனில் வரும் எண்ணும் வேண்டும்; என்னிடம் இருப்பது முகம் மட்டும். காவலாளி இக்மல் பாவம் பார்த்துக் குப்பை அறைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறார். முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் இப்போது குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே புகுந்து வீட்டுக்கு வருகிறேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

போன் போனதில் ஒன்றுதான் வருத்தம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, பாசாரில் நல்ல நண்டு வந்திருக்கிறதா என்று கேட்டிருப்பார். இன்ஸ்பெக்டர் ஷாஹிரா மரியாதையான பெண். தேவையில்லாததைத் திறக்கமாட்டோம் என்றார். ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று திறந்து பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை எத்தனையோ வழக்கறிஞர்கள் கேட்க நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது வேறு யாருடைய போனோ.

காமினியின் போனில் நீ பேசியது ஒன்பது நிமிடம். அதில் பாதி அழுகை. நம் அடுக்குமாடி நிர்வாகக் குழு கேட்கிறபடி மார்ச் பத்தாம் தேதிக்குள் இரண்டு மொழியிலும் மன்னிப்பு எழுதிப் போட்டுவிடுகிறேன் என்றாய். சித்திரைக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்கிறேன், விமான நிலையத்தில் நிறுத்தினால் வேலை போய்விடும் என்றாய். பயத்தில் அந்த ஆங்கிலப் பதிவையும் அழித்துவிட்டதாகச் சொன்னாய். கடைசியில், "அம்மா, நீங்க ஒரு வார்த்தையக்கூட மாத்தமாட்டீங்க. அப்போ நான்தான் அப்படி எழுதியிருப்பேன்" என்று சொன்னாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. காமினி பக்கத்தில் நின்றாள் என்பது ஒரு சாக்கு. அன்று மாலை, கடிதம் வரும்வரை எதுவும் எழுதாதே என்று ஒரு வரி மட்டும் அவளை அனுப்பச் சொன்னேன். காமினியிடமும் இன்று காலைதான் முழுவதையும் சொன்னேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்வதுதான் எனக்குப் பழக்கம்.

தைப்பூசத்துக்கு நான்காவது மாடி சந்திரசேகரன் காவடி எடுத்தார். மறுநாள் காலை மலையிலிருந்து திரும்பினார். மொட்டைத் தலை, அதில் சந்தனம், வெறுங்கால். கேட்டுக்கு அவரைத் தெரியவில்லை. அவரோடு வந்த இன்னும் மூன்று பேரையும் தெரியவில்லை. அலுவலகம் திறந்து, மறுபடி முகம் பதிந்து, உள்ளே வர ஒரு மணி நேரம். தார் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். "அக்கா, இருபது வருசமா இங்க இருக்கேன், இந்தக் கேட்டுக்கு என் மூஞ்சி தெரியலையாம் லா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த முறை அந்தப் பூச்சைக் கழுவிவிட்டு வரட்டும் என்று குழுத் தலைவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் உன்னிடம் சொன்னேன். நீ அன்றே ஆங்கிலத்தில் எழுதினாய். நடந்தது ஆறு வரி. அதன் பிறகு நான்கு கேள்விகள். எங்கள் முகங்களை யார் வைத்திருக்கிறார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? வீடு மாறிப் போனால் அழிப்பார்களா? முகம் தரமாட்டேன் என்கிறவருக்கு வேறு சாவி உண்டா? இவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் தமிழில் எழுதி, குடியிருப்போர் குழுவிலும் பேஸ்புக்கிலும் என் போனிலிருந்தே போட்டேன். கீழே உன் பெயரைப் போட்டேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் எங்கும் வராது, பேச்சு பேசியவருக்குச் சொந்தம். அதுதான் எங்கள் தொழில் வழக்கம்.

உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளி விடுமுறையில் ஒருநாள் நீதிமன்றத்துக்கு வந்தாய். நான் எழுந்து நின்று, "நான்தான் அவனை வெட்டினேன்" என்று மலாயில் சொன்னதைக் கேட்டு அழுதாய். அம்மா இல்லை, கூண்டில் நிற்கிற மாமாதான் வெட்டினார், அம்மா அவருடைய வாய் மட்டும் என்று அப்பா உன்னைத் தேற்றினார். அந்த வாய் முப்பத்தோரு வருடத்தில் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அனுஜா, ஏழாவது வரி உன்னுடையது இல்லை.

"இந்தக் கேட்டைத் தமிழனை வெளியே நிறுத்தத்தான் வாங்கியிருக்கிறார்கள்" என்று நீ எழுதவில்லை. உன் ஆறாவது வரிக்கும் முதல் கேள்விக்கும் நடுவில் நான் எழுதினேன். சந்திரசேகரனின் கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன். கோபம். எழுதும்போது இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, உன் வாயால் பேசி உன்னைக் கெடுத்துவிட்டேன்.

நிலையத்தில் அந்தப் பதிவின் மலாய் மொழிபெயர்ப்பைக் காட்டினார்கள். சரியாகவே செய்திருந்தார்கள், செய்தவர் பெயர் அதிலும் இல்லை. ஏழாவது வரியின் கீழே மட்டும் சிவப்புக் கோடு. இனப் பகையைத் தூண்டுகிறது என்று புகார். இதை எழுதியது யார் என்று ஷாஹிரா கேட்டார். பதில் சொல்ல மறுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதை எத்தனையோ பேருக்கு நானே மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். உண்மையையும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான்." அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் வந்த வார்த்தை என்று இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழக்கம் இல்லை, பயம். மற்றவர்களின் பயத்தை மொழிபெயர்த்தே பழகியதால் என் பயத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உனக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. யாரும் எதையும் சொல்லலாம், பெயர் போடாமலும் சொல்லலாம் என்பாய். பேசுகிறவர் கூண்டில் ஏறி நின்று பேச வேண்டும் என்பேன். இப்போதும் என் கட்சி அதுதான், ஆனால் கூண்டில் ஏறாமல் இருந்தது நான். அந்த வரி குற்றம் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் போனைப் பறிப்பதும் அறுபத்தாறு வயதுக்காரியை நான்கு மணி நேரம் உட்கார வைப்பதும் சரி என்றும் நினைக்கவில்லை. அதே சமயம் அது சாட்சியம் இல்லாத வரி. அந்தக் கேட்டை எதற்காக வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை உன் பெயரில் சொன்னேன். இதில் அதிகம் வலிப்பது வேறு. உன் நான்கு கேள்விகளுக்கு இன்றுவரை குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் தப்பிக்க ஒரு வரி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காமினியோடு நிலையத்துக்குப் போகிறேன். முதல் வாக்குமூலத்தில் சொன்னதைத் திருத்தி, எழுதியவள் நான் என்று சொல்லப் போகிறேன். பொய் வாக்குமூலத்துக்கும் சேர்த்து விசாரிக்கலாம் என்று காமினி எச்சரித்தாள். விசாரிக்கட்டும். அபராதம் வரலாம், அதற்கு மேலும் வரலாம். ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்டேன், தெரியவில்லை என்றாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போய் வந்திருப்பேன், அதனால் என்னைத் தடுக்க முயற்சி செய்யாதே. சந்திரசேகரன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. கேட்டுக்கு மறுபடியும் அவரைத் தெரியவில்லையாம்.

இதனுடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். நான் எதையும் முதலில் நோட்டில்தான் மொழிபெயர்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். இடது பக்கம் உன் ஆங்கிலம், பத்து வரி. வலது பக்கம் என் தமிழ், பதினொரு வரி. ஏழாவதற்கு எதிரே இடது பக்கம் வெறுமையாக இருக்கிறது, பார்த்துக்கொள். அசல் நோட்டை ஷாஹிராவிடம் கொடுத்துவிடுவேன்.

நீ மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அந்த வரி உன்னுடையதாகிவிடும். டிக்கெட்டை ரத்து செய்யாதே. என்னோடு கோபித்துக்கொண்டாவது சித்திரைக்கு வா, குப்பை அறை வழியாக உன்னையும் கூட்டிப்போகிறேன். அந்த நான்கு கேள்விகளையும் மறுபடியும் போடு. இந்த முறை தமிழில் நீயே எழுது. எழுத்துப் பிழை இருக்கும். இருக்கட்டும், நான் தொடமாட்டேன்.

முருகன் உன்னைக் காப்பான். நான் காக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளாதே, பிள்ளை.

இப்படிக்கு,
இதை எழுதிய,
செல்வநாயகி சிவகுருநாதன்